பச்சை மூடி டப்பா

அன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மாபெரும் முடிவு ஒன்றை எடுத்தேன். இனி இந்த வீட்டில் ஒரு இழை பாஸ்தாகூடக் காயக் கூடாது. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்த பிறகும் அறிவிக்கவில்லை. மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

என்னைச் சாதாரணமாக எடை போட்டுவிடாதீர்கள். நான் பஸ் டிக்கெட் பரிசோதகன். டிக்கெட் எடுக்காதவனை வாசலில் கால் வைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். அவன் என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். வெளியே இருக்கிற ஏதாவது கட்டடத்தை, தொலைந்துபோன தம்பியைக் கண்டவன் மாதிரி உற்றுப் பார்ப்பான். சிலர் தூங்குவார்கள், இமை மட்டும் தூங்காது. இத்தனை வருஷத்தில் என்னை ஏமாற்றிவிட்டு இறங்கியவர் ஒருவர்கூட இல்லை. பஸ்ஸில்.

எனக்கு விடியும் முன்பே வேலை. மத்தியானம் வீடு திரும்பிவிடுவேன். திரும்பியதும் ஒரு தூக்கம். அதற்காகவே பிறவி எடுத்தவன் நான். எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரே ஒரு அறை. அந்த அறையில் என் கட்டில். கட்டிலுக்கு நேர் மேலே ஒரு ஃபேன். சத்தமே போடாது. இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்டு, பதில் பேசாமல் வேலை செய்தது அது ஒன்றுதான்.

குழந்தை தவழ ஆரம்பித்த மாதம், மனைவி தொழில் ஆரம்பித்தாள். காயவைத்த பாஸ்தா. கெட்டியாக மாவு பிசைந்து, கையால் சுற்றும் மெஷினில் கொடுத்து, நாடா நாடாவாக வெட்டி, தொங்கவிட்டுக் காயவைத்து, பாக்கெட் போடுவாள். முதலில் நாற்காலி முதுகில் தொங்கியது. பிறகு என் சட்டை ஹேங்கர்களில் தொங்கியது. சட்டைகள் நாற்காலிக்கு வந்தன. ஒருநாள் மத்தியானம் வந்து பார்த்தால், அறை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, பாஸ்தா திருவிழாத் தோரணமாகத் தொங்குகிறது. கட்டிலைக் காணோம்.

"ஏம்மா, என் கட்டில் எங்கே?"

"அதோ நிக்குது பாருங்க."

சுவரோடு சுவராக நிமிர்த்தி வைத்திருந்தாள்.

"அது நின்னா நான் எங்கே படுக்கிறது?"

"நீங்களும் கொஞ்ச நேரம் நில்லுங்களேன். பஸ்ல நின்னு பழக்கம்தானே?"

"ஃபேனை ஏன் இவ்வளவு மெதுவா வெச்சிருக்க?"

"வேகமா காத்து பட்டா மேல மட்டும் காஞ்சு, உள்ளே ஈரம் நின்னு வெடிச்சுடும்."

"நான் இங்கே வெடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அது தெரியலையா?"

"உங்களை யாருங்க பாக்கெட் போட்டு விக்கப்போறா?"

ஹாலில் படுத்தேன். ஹால் ஃபேன் இருக்கிறதே, அது காற்றுக்காக ஓடுவதில்லை; சத்தத்துக்காக ஓடுகிறது.

"இந்தச் சத்தத்துல என் குறட்டையே எனக்குக் கேக்க மாட்டேங்குது."

"எனக்கு நல்லாக் கேக்குது," என்றாள் சமையலறையிலிருந்து.

இப்படி மாதக்கணக்கில் போன பிறகு எடுத்ததுதான் அந்தப் பல் துலக்கும் முடிவு. தைரியத்தைத் திரட்ட எனக்கு மத்தியானம் வரை ஆயிற்று. வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலேயே பேசினேன். தொப்பி இருந்தால் குரல் கொஞ்சம் கெட்டியாக வரும்.

"ஒண்ணு இந்த வீட்டுல பாஸ்தா இருக்கணும். இல்ல நான் இருக்கணும்."

அவள் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் பாதி வழியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அவள் யோசித்தாள் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

"சரி, நியாயமா ஒரு வழி சொல்றேன்," என்றாள். "அடுத்த சனிக்கிழமை, வேலைக்குப் போற பொண்ணுங்க விடுதியிலேருந்து பெரிய சமையல்காரம்மா வர்றாங்க. அவங்களே வேகவெச்சு, சாப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வாங்க. வேணாம்னு சொல்லிட்டா, மெஷினை மூட்டை கட்டிடறேன். அறை உங்களுக்கு. கட்டில் உங்களுக்கு. ஃபேன் உங்களுக்கு."

"வேணும்னு சொல்லிட்டா?"

"அறை எனக்கு. அதுக்கப்புறம் ஒரு முணுமுணுப்பு வரக் கூடாது."

"சம்மதம்."

"ஆனா எனக்கு மணிக்கட்டு வலிக்குதுங்க. சனிக்கிழமை வரைக்கும் நீங்கதான் மாவு பிசையணும்."

எனக்கு முதுகு வலி இருந்தது. மாவு பிசையச் சொல்லும்போதெல்லாம் வருகிற வலி அது. இந்தத் தடவையும் கையை முதுகுக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் அவள் அந்த இரண்டு டப்பாக்களை எடுத்துவந்து வைத்தாள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி. ஒன்றுக்குப் பச்சை மூடி.

"நல்லாக் கேட்டுக்குங்க. வெறும் கோதுமை பாஸ்தா எல்லாக் கடையிலயும் கிடைக்குது. என்னுதுல முளைகட்டின கோதுமையைக் காயவெச்சு அரைச்ச மாவு சேர்ப்பேன். அதனாலதான் அந்த மணம், அந்த லேசான இனிப்பு. சிவப்பு மூடியில இருக்கிறது நல்லா வறுத்து அரைச்சது. அதைக் கலந்துதான் உங்ககிட்ட மாவு குடுப்பேன். நீங்க தண்ணி ஊத்திப் பிசைஞ்சா போதும்."

"பச்சை மூடி?"

"அது ரொட்டிக்கு. வறுக்காத மாவு. அதைத் தொடவே தொடாதீங்க."

"ஏன்?"

"வறுக்கலைன்னா முளை விட்டப்ப வந்த வீரியம் அப்படியே உயிரோட இருக்கும். நம்ம மாவைத் தின்னு சர்க்கரையாக்க ஆரம்பிச்சுடும். ரொட்டிக்கு ஒரு துளி போட்டா நல்லது. பாஸ்தாவுல போட்டா மாவு பிசுபிசுன்னு ஆகி, கொதிக்கிற தண்ணியில போட்டதும் கரைஞ்சு கஞ்சியாயிடும். சமையல்காரம்மா கரண்டியாலயே என்னை அடிப்பாங்க. சனிக்கிழமை வரைக்கும் இந்தப் பச்சை மூடி இங்கேதான், இந்தக் கீழ்த்தட்டுல, கைக்கு எட்டற இடத்துல இருக்கும். ஞாபகமா தொடாம இருங்க."

"நான் ஏன் தொடப்போறேன்?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். எதிர்வீட்டு மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. கறுப்புத் தொட்டி. நல்ல தொட்டி. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன்.

முதுகு வலி போய்விட்டது.

இவ்வளவு பெரிய திட்டத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்க முடியுமா? மாடி வீட்டு டெய்லர் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அதனால் ரகசியம் சொல்லப் பாதுகாப்பான ஆள்.

"தம்பி," என்றார் ஊசிகளுக்கு நடுவே, "பொண்டாட்டி தொடாதேன்னு சொன்னதைத் தொட்டு உருப்பட்டவன் இந்தத் தெருவுலயே கிடையாது."

"அண்ணே, நான் யாரு? டிக்கெட் செக்கர்!"

"அதுவும் சரிதான். கொஞ்சம் நேரா நில்லுங்க, இடுப்பளவு எடுத்துக்கிறேன்."

"எதுக்குண்ணே?"

"எதுக்கோ. இருக்கட்டும்."

டேப்பை என் இடுப்பைச் சுற்றி இழுத்தார். தொழில்காரர்களுக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு. நான்கூடக் கல்யாண வீட்டில் வரிசையில் நிற்பவர்களிடம் டிக்கெட் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் வேலையில் இறங்கினேன். அவள் ஒரு பாத்திரத்தில் மாவை வைத்துவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டப் போனாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பச்சை மூடியைத் திறந்தேன். குப்பென்று ஒரு வாசனை. வறுத்த வாசனை மாதிரி, அடுப்பிலிருந்து இறக்கிய பிஸ்கட் மாதிரி. வறுக்காத மாவுக்கே இவ்வளவு வாசனையா என்று வியந்துவிட்டு, முதல் நாள் என்பதால் அடக்கமாக ஒரே ஒரு ஸ்பூன் போட்டேன்.

பிசைவது இருக்கிறதே, அது சாமான்யக் காரியம் இல்லை. பாஸ்தாவுக்குத் தண்ணீரைக் கண்ணில்தான் காட்ட வேண்டுமாம். மாவு முதலில் உதிரும்; அப்புறம் முறைக்கும்; அப்புறம் கல்லாகும். அந்தக் கல்லை உள்ளங்கையால் தள்ளித் தள்ளி வழிக்குக் கொண்டுவர வேண்டும். சதி செய்கிறவனுக்கு இவ்வளவு வேர்க்கும் என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அவள் நாலு நாடாவை வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். கஞ்சியாகும் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஆகவில்லை. எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"பதமா வெந்திருக்கு. ஆனா மணம்தான் பத்தலை."

ஒரு ஸ்பூன் போதவில்லை என்று புரிந்துகொண்டேன். அடுத்த நாள் ஒரு கைப்பிடி போட்டேன்.

"பரவாயில்லையே," என்றாள் கடித்துக்கொண்டே. "கை பழகிடுச்சுங்க உங்களுக்கு."

கோபம் தலைக்கேறிவிட்டது. அதற்கு அடுத்த நாள் பச்சை டப்பாவையே தலைகீழாகக் கவிழ்த்தேன். அடியில் தட்டினேன். விரலை விட்டு வழித்தேன். பிசைந்தேன். 'கரைந்து ஒழி' என்று மனதார வாழ்த்தினேன்.

அன்று அவள் ஒரு வாய் கடித்தவள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுதான்! இதேதான்! என்னங்க செஞ்சீங்க இன்னிக்கு?"

"நான்... ஒண்ணும் செய்யலையே."

"அப்படியே தினமும் ஒண்ணும் செய்யாம இருங்க. இதே மாதிரி, இதே அளவு, ஒண்ணும் செய்யாம இருங்க."

குழந்தைகூட ஒரு நாடாவைப் பிடித்து, இருக்கிற இரண்டு பல்லால் இழுத்து இழுத்துத் தின்றது. என் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல? டெய்லர் அண்ணனிடம்தான் சொன்னேன். "சிலதெல்லாம் ஊறி ஊறித்தான் வேலை செய்யும் தம்பி, விடாம போடுங்க," என்று தைரியம் சொன்னார். நல்ல மனுஷர்.

விடவில்லை நான். தினமும் டப்பாவைக் கவிழ்த்தேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இன்று காலி செய்த டப்பா, மறுநாள் பார்த்தால் அதே அளவுக்கு நிரம்பியிருக்கும். விதி என் பக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ரொட்டிக்கான மாவு என்றாள். ஆனால் அந்த வீட்டில் ஒரு ரொட்டியை நான் கண்ணால் கண்டதில்லை. பஸ்ஸில் என்றால் இந்த இடத்தில் ஒரு விசாரணை வைத்திருப்பேன்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வெளியே சொல்லாதீர்கள். மாவு பிசைந்த களைப்பில் எனக்கு ஹாலிலேயே அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வந்தது. ஃபேன் சத்தம் காதில் விழவே இல்லை. ஆனால் தூக்கம் வேறு, உரிமை வேறு. கட்டில் உரிமையை விட்டுக்கொடுப்பேனா?

இப்படியாக வியாழக்கிழமை வந்தது. சனிக்கிழமை சமையல்காரம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய பாஸ்தா ஈட்டுக்கு அன்றைக்குத்தான் மாவு பிசைய வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கடைசி வாய்ப்பு. அன்று டப்பாவோடு நிறுத்துவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர், முடிந்தால் கொஞ்சம் சோப்பு நுரை என்று திட்டம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

நான் கை கழுவிவிட்டு வந்தபோது அவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஒரு ஏப்ரன். என் பழைய யூனிஃபார்ம் பேண்ட்டை வெட்டித் தைத்தது. பேனா சொருக ஒரு பாக்கெட் வேறு. நெஞ்சுப் பக்கத்தில் என் பழைய நம்பர் பட்டை.

"சட்டையெல்லாம் மாவாகுதுல்ல. அதான் தைக்கக் குடுத்தேன்," என்றாள். பின்னால் போய் நாடாவை முடிச்சுப் போட்டாள். அளவு கனகச்சிதம். முடிச்சுப் போட்டுவிட்டு, முதுகில் மெல்லத் தட்டினாள். "நீங்க இல்லைன்னா எனக்கு இதெல்லாம் நடந்தே இருக்காதுங்க."

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் பச்சை டப்பாவைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. குளியலறையில் அவள் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "அப்பாதான் பிசையறாரு, தெரியுமா? அப்பா கை பட்டா எல்லாம் நல்லா வரும், இல்ல குட்டி?" குழந்தை 'ப்பூ' என்றது.

என் நெஞ்சில் ஏதோ பிசைந்தது. கட்டில் என்ன பெரிய கட்டில்? நான்கு கால். ஃபேன் என்ன பெரிய ஃபேன்? மூன்று இறக்கை. ஒரு பெண், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு தொழிலை நிமிர்த்தப் பார்க்கிறாள். அதில் கரி பூச நான் யார்?

டப்பாவை எடுத்து, மூடியை இறுக்கி, கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தேன். பிறகு பிசைந்தேன் பாருங்கள், அப்படி ஒரு பிசை. கலப்படமில்லாத, களங்கமில்லாத பிசை. வேர்வையோடு ஒரு சொட்டுக் கண்ணீரும் விழப்பார்த்தது. ஈரம் கூடிவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை சமையல்காரம்மா வந்தார். விடுதியின் அத்தனை பெண்களும் எழுந்து நிற்கக்கூடிய நடை. வந்ததும் ஒரு காய்ந்த நாடாவை எடுத்து, காதருகே வைத்துப் படீரென்று ஒடித்தார். பிறகு சமையலறைக்குள் போய்விட்டார். நான் குழந்தையோடு ஹாலில் நடந்தேன். சமையலறை வாசலில் நின்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன். தட்டில் பாஸ்தா பொன்னிறமாக மின்னிக்கொண்டிருந்தது. நேர்மைக்கு அந்த நிறம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சாப்பிட்டார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். பிறகு, சட்டியில் மிச்சமிருந்ததையும் தட்டில் போட்டுக்கொண்டார்.

"சீக்கிரம் வேகுது. கரையலை. குழையலை. மணம் தூக்கலா இருக்கு," என்றார். "எனக்கு வாராவாரம் வேணும். யாரு பிசையறது?"

"அவருதாங்க," என்றாள் மனைவி, என் பக்கம் கை காட்டி.

சமையல்காரம்மா என் தோளை, கடையில் சாமான் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தார். "நல்ல கை. விட்டுடாதே," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அறை போயிற்று. கட்டில் போயிற்று. ஆனால் எனக்குத் துக்கமே இல்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். ஏப்ரனையும் கட்டிக்கொண்டேன். இப்போது உண்மையைச் சொன்னால் அவள் கண் கலங்கும் என்று தோன்றியது. அந்தக் காட்சியை விட மனசில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"சொல்லுங்க." அவள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் நல்லவன் இல்ல. அந்தப் பச்சை மூடி டப்பா மாவை தினமும் கலந்தேன். உன் பாஸ்தா கஞ்சியாகணும், அறை எனக்கு வரணும்னு. ஆனா வியாழக்கிழமை எனக்கு மனசு வரலை. ஒரு சிட்டிகைகூடப் போடலை. இன்னிக்கு அந்தம்மா சாப்பிட்டது என்னோட நேர்மை!"

அவள் கண் கலங்கவில்லை. கரண்டியால் சட்டியைக் கிளறினாள்.

"அந்தம்மா சாப்பிட்டது செவ்வாய்க்கிழமை பிசைஞ்சதுங்க."

"அப்போ வியாழக்கிழமை பிசைஞ்சது?"

"இதோ," என்று சட்டியைக் காட்டினாள். "உங்க நேர்மை வெந்துக்கிட்டு இருக்கு."

எட்டிப் பார்த்தேன். வெளுத்துப்போய், சோகை பிடித்த மாதிரி மிதந்தது. ஒன்றை எடுத்துக் குழந்தையிடம் கொடுத்தாள். குழந்தை வாயில் வைத்தது. நாக்கால் தள்ளி என் ஏப்ரன் மேல் துப்பியது.

"பச்சை டப்பாவுல இருந்ததும் வறுத்த மாவுதான்," என்றாள். "உங்ககிட்ட குடுத்த மாவுல நான் எதையும் கலக்கவே இல்ல. நீங்க எப்படியும் போடுவீங்கன்னு தெரியும். நானும் போட்டா அளவு ரெண்டு மடங்காயிடும் இல்லையா? அதான் அளவா டப்பாவுல நிரப்பி, எட்டற இடத்துல வெச்சேன். வியாழக்கிழமை மாவு வெளுத்திருந்ததைப் பார்த்ததும் எனக்குத் திக்குன்னுச்சு. டப்பாவைத் தேடினா மேல்தட்டுல இருக்கு! நல்லவேளை, செவ்வாய்க்கிழமை ஈட்டுல கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தேன்."

உட்காரலாம் என்று பார்த்தால் நாற்காலியில் சட்டைகள்.

"ஏம்மா, பிசைஞ்சு குடுங்கன்னு நேரா கேட்டிருக்கலாமே?"

"எத்தனை மாசமா கேட்டேன்! கேக்கறப்பெல்லாம் உங்களுக்கு முதுகு வலி."

"நான் அந்த டப்பாவுல கை வைப்பேன்னு எப்படித் தெரியும் உனக்கு? டெய்லர் அண்ணன் சொன்னாரா?"

"அவரு சொல்லணுமா? ஏப்ரனுக்கு அளவெடுக்கச் சொன்னதே நான்தான். தொடாதீங்கன்னு சொன்னதும் நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டியை உத்து உத்துப் பார்த்தீங்களே!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பப் போனேன். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

அவள் மேல்தட்டிலிருந்து பச்சை மூடி டப்பாவை இறக்கி, துடைத்து, கீழ்த்தட்டில், கைக்கு எட்டுகிற அதே இடத்தில் வைத்தாள்.

"திங்கக்கிழமையிலேருந்து விடுதிக்குப் பிசையணும்," என்றாள். "தயவுசெஞ்சு இன்னொரு தடவை திருந்திடாதீங்க."